அட்டைப்பெட்டியில் நாற்காலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது, மூளை முடக்குவாதம். யாராவது பிடித்துக்கொள்ளாமல் உட்கார மாட்டாள். தனி நாற்காலி வேண்டும் என்கிறார்கள், விலை கட்டுப்படியாகவில்லை. பழைய அட்டைப்பெட்டியில் செய்தால் தாங்குமா? (வாசகி, தேனி)

பதில்: நன்றாகக் காய்ந்திருந்தால் தாங்கும். ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் வளர்த்தெடுத்த கைவேலை இது.

முதலில் அளவு. ஒருவர் குழந்தையை நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் அளக்க வேண்டும். பின்இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள நீளத்தில் இரண்டு விரற்கடை குறைத்தால் இருக்கையின் ஆழம். மடிப்பிலிருந்து குதிகால் வரை, உயரம். அகலத்துக்கு, இடுப்பின் இருபுறமும் ஒவ்வொரு விரல் இடம் விடுங்கள். ஆழம் கூடினால் குழந்தை முன்னால் சரிந்து கூன் போடும். பாதம் தொங்கினால் உடம்பு விறைக்கும். வளர்ந்தாலும் ஆகட்டும் என்று தீபாவளிச் சட்டை மாதிரி பெரிதாகச் செய்துவிடாதீர்கள். முதுகு வளைவோ இடுப்பு மூட்டு விலகலோ இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. வெட்டுவதற்கு முன் தெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள்.

பசைக்கு, ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். இங்கே கூடாது, அது விஷம். குழந்தை எதையும் வாயில் வைக்கும்.

அட்டையை ஆறு அடுக்காக ஒட்டுங்கள். ஓர் அடுக்கின் உள்ளே தெரியும் நெளிவு நெடுக்காக இருந்தால் அடுத்தது குறுக்காக வர வேண்டும். எல்லாம் ஒரே திசையில் போனால் உட்கார்ந்ததும் மடங்கும். மேலே பலகை, அதன்மேல் செங்கல், ஓர் இரவு. பிறகு திருப்பித் திருப்பி மூன்று நான்கு நாள் வெயில். வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும். உள்ஈரத்தோடு பெயிண்ட் அடித்தால் பூஞ்சணம் பிடித்து இளகிவிடும். மூட்டுகளில் ஒட்டும் காகிதப் பட்டையைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள், அந்த ஓரம்தான் படியும். தரை துடைக்கும் ஈரம் ஏறாமலிருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப். பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பார்த்த பிறகே குழந்தை.

குழந்தை சரியாமலிருக்கக் கட்டும் பட்டையை இடுப்பு மடிப்பில் போடுங்கள். வயிற்றிலோ மார்பிலோ வேண்டாம். முதல் வாரம் ஒரு தடவைக்கு 10, 15 நிமிடம் போதும். தூக்கிய பின் தோலில் சிவப்பு அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்துகிறது, சரிசெய்யுங்கள்.

கேள்வி: பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் ஒன்றுதானா? (வாசகர், கரூர்)

பதில்: இல்லை. கை மடங்க வைப்பது முதலாவதின் கவலை என்றால், மடங்கிய கை சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிறதா என்பது இரண்டாவதின் கவலை. (நடைமுறையில் இரண்டும் கலந்துதான் நடக்கும்.) இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபிக்கான முதல் பள்ளியை 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர், அமெரிக்காவில் பிறந்த கமலா நிம்ப்கர்.

கேள்வி: மகனை நாற்காலியில் உட்கார வைத்தால், "பச்சப்புள்ளைய கட்டிப் போடுறீங்களே" என்று மாமியார் சண்டைக்கு வருகிறார். அங்கன்வாடியிலும் தயங்குகிறார்கள். (வாசகி, திருவண்ணாமலை)

பதில்: அவர் கோபத்தில் பாதி நியாயம். மூலையில் மணிக்கணக்கில் உட்கார வைத்தால் அது கட்டிப்போடுவதுதான். நாற்காலியை வீட்டார் சாப்பிடும் இடத்தில் போடுங்கள், முழங்கை உயரத்துக்கு ஒரு மேசையோடு. ஊட்டும் வேலையை அவரிடமே கொடுங்கள். நின்று ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்ப்பான், புரையேறும். சோறு மூச்சுக்குழாயில் இறங்கினால் நெஞ்சுச்சளி விடாது. பாட்டி எதிரே அவன் கண் மட்டத்தில் உட்கார, அவன் தாடை சற்றே தாழ்ந்திருக்கட்டும். சில வாரம் கழித்து இட்லித் துண்டைத் தட்டில் வைத்து, பாட்டி தன் கையால் அவன் கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகலாம். இத்தனை நாள் மடியில் வைத்து ஊட்டியவர், அவன் தானாக எடுக்கிறானா என்று பார்த்துக் காத்திருக்கப் பழகுவார். தெரபியில் இதுதான் கடினமான பகுதி. அட்டை ஒட்டுவது சுலபம்.

அங்கன்வாடிக்கும் அதே நாற்காலியைக் கொண்டுபோய், எப்படி உட்கார வைப்பது என்று பணியாளர் கையாலேயே செய்ய வையுங்கள். யார் தூக்குவது, விழுந்தால் என்ன என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் பயம். பள்ளிக்கு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது: 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, பக்கத்துப் பள்ளியிலேயே கேட்கலாம். சான்றிதழை ஆறு வயதுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.