மகள் கம்ப்யூட்டரைக் கெடுக்கவில்லை, அக்கா

மேலூரிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மூன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளை ராத்திரியெல்லாம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் க்ராஷ் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இதில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும்.

லினக்ஸின் மையத்தில் இருந்து கம்ப்யூட்டரையே நடத்துகிற பகுதிக்குக் கர்னல் என்று பெயர். அது தன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, இது படிக்க மட்டும், இதில் எழுதலாம், இதை இயக்கலாம் என்று பூட்டு போட்டு வைக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறோமே, உங்கள் மகளும் அதைத்தான் செய்கிறாள். இதற்கென்றே எல்.கே.டி.டி.எம். என்ற சோதனை மாட்யூல் லினக்ஸில் இருக்கிறது. 'ரைட் ஆர்ஓ' என்று அதற்கு எழுதிக்கொடுத்தால், படிக்க மட்டுமே அனுமதி உள்ள இடத்தில் வேண்டுமென்றே எழுத முயலும். பூட்டு சரியாக இருந்தால் ப்ராசஸரே தடுத்துவிடும், திரையில் பிழைச் செய்திகள் மளமளவென்று கொட்டும். நீங்கள் பார்த்துப் பயந்தது அதுவாகத்தான் இருக்கும். அப்படியென்றால் சோதனை பாஸ்! பூட்டு திறந்து கிடந்தால்தான் 'ஃபெயில்: சர்வைவ்டு பேட் ரைட்' என்று வரும், அதாவது எழுதக்கூடாத இடத்தில் எழுதியும் யாரும் தடுக்கவில்லை என்று அர்த்தம்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2007இல் கர்னலுக்குள் நுழைந்த டர்ட்டி கவ் என்ற பாதுகாப்பு ஓட்டை 2016இல்தான் வெளியே தெரிந்தது. படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பில் சாதாரணப் பயனரே எழுத முடிந்தது. ஒன்பது வருடம் அப்படியே கிடந்திருக்கிறது. இந்த மாதிரி ஓட்டையைத் தேடுகிற பொறுமை எல்லாப் பிள்ளைகளுக்கும் வராது.

சிப் தயாரிப்பவர்களுக்கும் ஆண்ட்ராய்டு போன் செய்பவர்களுக்கும் இந்த வேலைக்கு ஆள் வேண்டும். பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னைக்குப் போக வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். கேம்பஸ் தேர்வுக்கான ஆப்டிட்யூடையும் அவள் விடக்கூடாது, தினம் ஒரு மணி நேரம் போதும்.

அப்புறம், சோதனையை நேரடியாக லேப்டாப்பில் செய்ய வேண்டாம், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடுகிற கியூஎமு என்ற மென்பொருளைப் போட்டு அதற்குள் செய்யச் சொல்லுங்கள். கர்னல் விழுந்தாலும் ப்ராஜெக்ட் கோப்புகள் பத்திரமாக இருக்கும். எந்தக் கர்னல் பதிப்பு, எந்த செட்டிங்கை ஆன் செய்தாள், என்ன எதிர்பார்த்தாள், என்ன வந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். இன்டர்வியூவில் சான்றிதழைவிட அந்த நோட்டைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவாள். அடுத்த தடவை மதுரைக்கு வரும்போது அதை எடுத்துவரச் சொல்லுங்கள், நானும் பார்க்கிறேன்.