சர்க்கரை இருப்பதை மறைத்துப் பயணக் காப்பீடு எடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, அம்மாவுக்கு 61. இருவரும் வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை வீட்டில் நான்கு மாதம் தங்கப் போகிறார்கள். அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், "இன்ஷூரன்ஸையும் சேர்த்தே போட்டுவிடுகிறேன். சர்க்கரை, பிரஷர் எல்லாம் எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும்" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். படிவத்தில் "ஏற்கெனவே நோய் உண்டா?" என்ற கட்டத்தில் "இல்லை" என்று போடப்போவது ஏஜென்ட். ஆனால் அதன் கீழே உள்ள உறுதிமொழி உங்கள் அப்பாவின் பெயரில் இருக்கும். நாளைக்கு ஒரு சிக்கல் என்றால் நிறுவனம் அப்பாவைத்தான் கேட்கும். கமிஷன் வாங்கியவர் அப்போது போனை எடுத்தாலே பெரிய விஷயம்.

மறைத்தால் எப்படித் தெரியும் என்கிறீர்களா? மருத்துவமனையில் சேர்த்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை வருடமாக?" என்பது. அப்பா உண்மையைத்தான் சொல்வார், சொல்லவும் வேண்டும். அது கேஸ் ஷீட்டில் ஏறி டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் வந்துவிடும். அதைப் பார்த்ததும் காப்பீட்டு நிறுவனத்தார் ஊரில் பார்த்த டாக்டரின் பழைய சீட்டுகளையும் கொண்டுவரச் சொல்வார்கள். வழுக்கி விழுந்து எலும்பு முறிந்ததற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் முக்கியமான தகவலை மறைத்தார் என்று பாலிசியையே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு வழி திறந்துவிட்டீர்கள்.

சரி, உண்மையை எழுதினால் சர்க்கரை சம்பந்தப்பட்ட எல்லாச் செலவும் கிடைத்துவிடுமா? கிடைக்காது. சாதாரணப் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் இல்லை. இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு உயிர்நாடி அதுதான் என்பதால் நிதானமாகப் படியுங்கள். பழைய நோயால் திடீரென்று உயிருக்கு ஆபத்து வந்தால், அந்த ஆபத்து விலகும்வரை ஆகும் செலவைச் சில பாலிசிகள் தருகின்றன. "விலகும்வரை" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மாரடைப்பு என்று அவசரப் பிரிவில் சேர்த்தால், நிலைமை சீராகும்வரை பாலிசி பார்க்கும். நிலைமை சீரான பிறகு, "அடுத்த வாரம் வந்து பைபாஸ் செய்துகொள்ளுங்கள்" என்றால் அது அவசரம் ஆகாது, பணம் உங்கள் கையிலிருந்து போகும். மாத்திரை தீர்ந்துபோய் வாங்குவது, வழக்கமான ரத்தப் பரிசோதனை இவையும் இதில் வராது. இந்த விதிவிலக்கே இல்லாத பாலிசி என்றால், "பிரஷர் இருந்ததால்தான் மாரடைப்பு வந்தது" என்று முழுவதையுமே மறுக்க முடியும். ஆகவே வாங்கும் முன் நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, இந்த விதிவிலக்கு உண்டா, உண்டென்றால் அதிகபட்சம் எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது. நான்கு வரியில் முதல் பக்கத்தில் போட வேண்டிய இதை எறும்பு எழுத்தில் நடுப் பக்கங்களில் புதைப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

அடுத்த பொறி, பெரிய எழுத்தில் போடும் மொத்தத் தொகை. வயதானவர்களுக்கான பாலிசிகளில் அறை வாடகை, அறுவை சிகிச்சை, டாக்டர் கட்டணம் என்று தனித்தனி உச்சவரம்பு இருப்பது சகஜம். காப்பீடு 50,000 டாலர், அறைக்கு நாளொன்றுக்கு 1,500 டாலர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை 4,000 கேட்டால், மூன்றே நாளில் 7,500 டாலர் உங்கள் தலையில். இது போக, ஒவ்வொரு க்ளெய்முக்கும் முதலில் நீங்கள் கட்ட வேண்டிய கழிவுத் தொகை தனி. உச்சவரம்புப் பட்டியல் இல்லாத பாலிசிக்குப் பிரீமியம் கூடுதலாகத்தான் இருக்கும். மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

விசாவுக்கு வாங்கும் பாலிசியிலும் இதே குழப்பம் உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு வேண்டும். அதைக் காட்டி விசா வாங்கிவிடலாம், ஆனால் பழைய நோய்க்குப் பணம் வரும் என்று அதற்கு அர்த்தமில்லை.

தங்கையிடம் ஒன்று சொல்லிவையுங்கள். மருத்துவமனையில் சேர்த்ததும், முடிந்தால் சேர்க்கும் முன்பே, பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்குப் போன் செய்து குறிப்பு எண்ணை வாங்கிவிட வேண்டும். மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் அனுமதி அந்த வழியாகத்தான் வரும். தாமதமாகச் சொன்னால், கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு ரசீதுகளோடு அலைய வேண்டியதுதான். தங்கும் நாள் கூடினால், பழைய பாலிசி முடிவதற்குள் நீட்டிக்கக் கேட்க வேண்டும். பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் விமான நிறுவனத்தின் கவுன்டரில் புகார் அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் க்ளெய்ம் நகராது.

பாலிசி கைக்கு வந்ததும், அதில் பயணியின் விவரங்கள் இருக்கும் ஷெட்யூல் பக்கத்தைப் பாருங்கள். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, புறப்படும் நாள், திரும்பும் நாள், பிறகு பழைய நோய் என்ற கட்டம். அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று இருந்தால், அப்பா விமானம் ஏறுவதற்குள் திருத்தச் சொல்லி நிறுவனத்துக்கு நேராக எழுதுங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம்.