உலகுக்கே அரிசி அனுப்பிய பர்மா ஏழை நாடானது எப்படி? செட்டியார்கள் நிலத்தைப் பிடுங்கியதுதான் காரணமா?

கேள்வியின் இரண்டாம் பாதிக்காகத்தான் எழுதுகிறேன். ஏதோ ஒரு காணொளியில் கேட்டதை உறுதிசெய்துகொள்ளக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பர்மாவைப் பற்றித் தமிழில் இரண்டே கதைகள்தான் சுற்றுகின்றன. வட்டிக்காரன் வந்து நாட்டை விழுங்கினான் என்பது ஒன்று. செட்டியார் காட்டைக் கழனியாக்கிக் கொடுத்தார், நன்றியில்லாமல் விரட்டிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டு கதைகளிலும் கணக்கு இல்லை. பர்மாவின் கதையே கடன் கணக்குதான்.

1852 போருக்குப் பின் கீழ் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது ஐராவதிக் கழிமுகம் பெரும்பாலும் சதுப்பும் காடும். நெல் விளைந்த நிலம் 10 இலட்சம் ஏக்கர்கூட இல்லை. 1930 வாக்கில் அது 80 இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, 1877-ல் ரங்கூனிலிருந்து புரோமுக்கு ரயில் போட்டது என்று காரணங்களை அடுக்குவார்கள். எல்லாம் சரி. ஆனால் காட்டை வெட்டுகிற குடியானவன் முதல் அறுவடை வரை எதைச் சாப்பிடுவான்? எருமைக்கும் விதைக்கும் நடவுக் கூலிக்கும் பணம் எங்கிருந்து வரும்? ஐரோப்பிய வங்கிகள் ரங்கூன் துறைமுகத்தை விட்டு நகரவில்லை; பர்மிய மொழியில் கையெழுத்திடுகிற விவசாயிக்கு அவை ஒரு ரூபாய்கூட நேரடியாகக் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வட்டிக் கடைகள் உட்கார்ந்தன.

பணம் வந்த வழியைப் பாருங்கள். அடியில் முதலாளியின் சொந்த முதல். அதன் மேல் உறவினர் பணம், பெண்களின் சீதனப் பணம், கோயில் பணம். இவை போதாதபோது ரங்கூனில் இருந்த பெரிய அடத்திக் கடைகள் இம்பீரியல் வங்கி போன்ற இடங்களில் வாங்கிச் சிறிய கடைகளுக்குக் கொடுத்தன. ரங்கூன் மொகல் தெருவில் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கடைகளுக்கிடையே கைமாறும் பணத்துக்கு அதுவே அளவு. உள்ளூர்க் கடையை நடத்தியவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஏஜெண்டு. 1929-30ல் விசாரித்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு இப்படிப்பட்ட கடைகள் சுமார் 1,650 என்றும், அவை கடனாகக் கொடுத்திருந்த தொகை சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி நெல் விவசாயத்தில் முடங்கியிருந்தது.

விவசாயிக்குக் கடன் மொத்தமாகப் போகாது. மழை தொடங்கும் மே, ஜூனில் உழவுக்கும் விதைக்கும் கொஞ்சம், ஜூலை ஆகஸ்டில் நடவுக்குக் கொஞ்சம், அறுப்புக் கூலிக்குக் கொஞ்சம் என்று தவணையாகப் போகும். டிசம்பர் ஜனவரியில் அறுத்து, ஆலைக்குப் போட்டு, மாசி முடிவதற்குள் வட்டியோடு அடைக்க வேண்டும். வட்டி ஈட்டைப் பொறுத்து மாதம் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு ரூபாய் வரை. இது குறைந்த வட்டி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே ஊரில் நடவுக் காலத்தில் பணம் கொடுத்து அறுப்பில் நெல்லாக வாங்கிய உள்ளூர்க் கடன்காரர்கள் எடுத்தது இதைவிடப் பல மடங்கு. செட்டியாருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று பின்னூட்டம் போடுவதற்கு முன் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் யோசியுங்கள்.

ஓட்டை மூன்று இடங்களில் இருந்தது. முதலாவது பத்திரம். 1876 நிலச் சட்டப்படி, தொடர்ந்து 12 வருஷம் நிலத்தை அனுபவித்துத் தீர்வை (நிலவரி) கட்டியவனுக்குத்தான் விற்கவும் அடமானம் வைக்கவும் முழு உரிமை. காடு வெட்டுகிற ஆரம்ப வருஷங்களில்தான் அவனுக்குப் பணம் அதிகம் தேவை; அப்போது காட்ட உறுதியான ஈடு இல்லை. இரண்டாவது கால அளவு. கடைக்காரர் கேட்டவுடன் திருப்ப வேண்டிய பணத்தை வாங்கி, நிலத்தின் மேல் வருஷக்கணக்கில் நிற்கிற கடனாகக் கொடுத்தார். வங்கி வாசலை மூடினால் அடத்திக் கடை திணறும். அடத்தி திணறினால் கழிமுகத்துப் பியாபோனில் இருக்கிற சின்னக் கடை அந்த வாரமே விவசாயியின் கதவைத் தட்டும். மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, விலை. கடன் ரூபாயில், தீர்வை ரூபாயில், வரவு மட்டும் நெல்லில். அந்த நெல்லின் விலையும் விவசாயி கையில் இல்லை. 1921-ல் நான்கு பெரிய ஐரோப்பிய ஆலை நிறுவனங்கள் புல்லிங்கர் பூல் என்ற கூட்டை அமைத்ததே கொள்முதல் விலையை அடக்கி வைக்கத்தான். செட்டியாரைத் திட்டுகிறவர்கள் இந்தக் கூட்டைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

இனி கணக்கு. விளக்கத்துக்காகப் போடுகிறேன், யாருடைய பேரேட்டிலிருந்தும் எடுத்ததல்ல. 20 ஏக்கர், ஏக்கருக்கு 30 கூடை (ஒரு கூடை நெல் 46 பவுண்டு, சுமார் 21 கிலோ), ஆக 600 கூடை. 100 கூடை 150 ரூபாய்க்குப் போனால் வரவு 900. கூலி, மாட்டு வாடகை, விதை எல்லாம் 400. தீர்வை 50. ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு வட்டி 150. மீதி 300-ல் குடும்பமும் நடக்கும், அசலிலும் கொஞ்சம் குறையும். இப்போது விலையை 70 ஆக்குங்கள். வரவு 420. கூலியும் சரிந்து செலவு 250 ஆனது என்றே வைத்துக்கொள்வோம். தீர்வை அதே 50, வட்டி அதே 150. கையில் 30 ரூபாய் குறைகிறது. வீட்டில் இன்னும் உலை வைக்கவில்லை. உலக மந்தத்தில் 1930, 31-ல் நடந்தது இதுதான். ஓரிரு வருஷத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. 1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்ததை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

கடன் திரும்பாதபோது நிலம் கைமாறியது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார் கையிலிருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம். ஆக, நிலம் போனது உண்மைதான். ஆனால் பறிப்பதே நோக்கமாக இருந்திருந்தால் விலை நன்றாக இருந்த 60, 70 வருஷங்களில் அந்த எண் ஏன் 6-ஐத் தாண்டவில்லை? பணத்தைச் சுழற்றிப் பிழைக்கிறவனுக்கு விற்க முடியாத வயல் பெரும் சுமை. ஏஜெண்டுகள் அதை வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாத குத்தகைக்காரன் வரப்பையும் கவனிக்கவில்லை, மண்ணையும் கவனிக்கவில்லை. சொந்தமாக உழுதவன் தன் வயலிலேயே குத்தகையாளாகவோ கூலியாகவோ நின்றான். அவனுடைய கோபம் நியாயமானது. அதே நேரத்தில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர். 1930-ல் துறைமுகத் தெலுங்குத் தொழிலாளர்கள் மீது பாய்ந்த கலவரமும், 1938 கலவரமும் அந்தக் கோபம் ஏழை இந்தியர் தலையில் இறங்கியதன் விளைவு.

1942-ல் ஜப்பான் வந்ததும் ஏறக்குறைய 5 இலட்சம் இந்தியர் ஓடினார்கள், ஏஜெண்டுகளும் போனார்கள். பர்மா அரிசி நின்றது வங்கப் பஞ்சத்துக்கும் ஒரு காரணமானது. 1948-ல் விடுதலை, உடனே நில தேசியமயச் சட்டம். பழைய கடன் அமைப்பு முடிந்தது.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது. நிலத்தை எடுத்த அரசு கொள்முதலையும் எடுத்துக்கொண்டது. அரசு விவசாய விற்பனை வாரியம் 100 கூடை நெல்லுக்கு 285 கியாட் (பர்மியப் பணம்) என்று விலை வைத்தது. கொரியப் போரின்போது உலகச் சந்தையில் அரிசி எங்கோ ஏறியது, விவசாயிக்கு 285. சுமார் 1962 வரை அதே 285. இடையில் இருந்த இலாபம் கஜானாவுக்குப் போனது. 1952-ல் அறிவித்த பியிதாதா நலத்திட்டமே அந்தப் பணத்தை நம்பியதுதான். போர் முடிந்து விலை இறங்கியதும் திட்டம் படுத்தது, அரிசி கிடங்குகளில் தேங்கிக் கெட்டது. நல்ல நெல்லுக்கும் சொத்தைக்கும் ஒரே விலை என்றால் எவன் நல்ல நெல்லை வாரியத்துக்குப் போடுவான்?

1962 மார்ச்சில் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள் அரசுடைமை; 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது. சுமார் 3 இலட்சம் இந்தியர் வெளியேறினார்கள். போருக்கு முன் வருஷத்துக்கு 30 இலட்சம் டன் அளவில் போன அரிசி ஏற்றுமதி 1960களின் முடிவில் 10 இலட்சம் டன்னுக்கும் கீழே. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடு எதுவுமில்லாமல் செல்லாதவையாயின. அந்த டிசம்பரில் ஐ.நா. பட்டியலில் மிகவும் பின்தங்கிய நாடு. அடுத்த ஆண்டு, 1988-ல், ஆட்சிக்கு எதிரான மக்கள் எழுச்சி.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வரலாற்றுக்கான மூல ஆவணங்கள் செட்டிநாட்டு வீடுகளின் பெட்டிகளில் இருக்கிற பேரேடுகளும் ஐந்தொகைகளும் கடிதங்களும். எந்த ஊரில் எந்த வருஷம் என்ன வட்டி, யார் அடைத்தார், யார் அடைக்கவில்லை என்பதெல்லாம் தமிழில், நம் எழுத்தில் இருக்கிறது. வீட்டை இடிக்கும்போது அவற்றை எடைக்குப் போடுகிறார்கள். பழம்பொருள் கடையில் அலங்காரத்துக்காக ஒன்றிரண்டாக விற்கிறார்கள். தேக்குத் தூணுக்குக் கொடுக்கிற மரியாதையை அந்தத் தாளுக்கும் கொடுங்கள். வீட்டில் இருந்தால் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்காவது தகவல் சொல்லுங்கள்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். கட்டாய நெல் கொள்முதல் 2003-ல்தான் ஒழிந்தது. 2012 விவசாய நிலச் சட்டம் நிலத்தைப் பயன்படுத்தும் சான்றிதழ் கொடுத்து, அதை அடமானம் வைக்கவும் அனுமதித்தது. ஆனால் மண் அரசுடையது என்பது மாறவில்லை. தனியார் வங்கிகள் அந்தச் சான்றிதழை ஈடாக ஏற்கத் தயங்கின. அரசு விவசாய வங்கி 10 ஏக்கர் வரைக்கும்தான், அதுவும் விவசாயிகள் குழுவாக ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால்தான் கொடுத்தது. அந்தத் தொகை சாகுபடிச் செலவுக்குக் காணாது. மிச்சத்துக்கு விவசாயி இப்போதும் நெல் வியாபாரியிடமோ உள்ளூர் வட்டிக் கடையிலோதான் போய் நிற்கிறான்.