பழைய கட்டடங்களைக் காப்பதில் பொறியாளருக்கு என்ன வேலை?

பழைமையான நகரக் கட்டடங்களைக் காப்பது தொல்லியலாளரும் கட்டடக் கலைஞரும் பார்க்க வேண்டிய வேலை, அதில் பொறியாளர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியொரு கட்டடத்தைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, என் அனுபவத்தையே பதிலாக எழுதுகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில், நூறாண்டைக் கடந்த ஒரு செங்கல் கட்டடத்தில் காரை உதிர்கிறது என்று அழைத்தார்கள். மிச்சமிருந்த சுண்ணாம்புக் காரையையும் சுரண்டியெடுத்துவிட்டுக் கெட்டியாகச் சிமெண்ட் பூசச் சொன்னேன். மூன்று மழைக்காலம் கழித்துப் பார்த்தபோது பூச்சு பார்வைக்கு நன்றாகவே இருந்தது; ஆனால் தட்டினால் உள்ளே பொள்ளலாக ஒலித்தது. ஓரிடத்தில் பெயர்த்துப் பார்த்தால், பின்னாலிருந்த செங்கல் விரல் பட்டதுமே செந்தூளாகக் கொட்டியது. சுண்ணாம்புக் காரை சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அப்படி அடைபட்ட ஈரத்திலிருந்த உப்பு, செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைத்திருந்தது. ஈரத்துக்குக் காரணம், கூரையோரத்தில் அடைத்துக்கொண்டிருந்த ஒரு மழைநீர்க் குழாய். முதல் தடவை போனபோது நான் மேலே ஏறிப் பார்க்கவே இல்லை.

ஏதென்ஸ் நகரில் பண்டைக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றிலும் இத்தகைய தவறு நடந்திருக்கிறது. பண்டைக் கிரேக்கர்கள் பளிங்குக் கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகளைச் சுற்றி ஈயம் வார்த்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செப்பனிட்டவர்கள் ஈயமில்லாமல் இரும்பைப் பதிக்க, அது துருவேறிப் பருத்துப் பளிங்கையே பிளந்துவிட்டது. பிற்காலத்தில் அவற்றை எடுத்துவிட்டு டைட்டேனியம் பொருத்த வேண்டியதாயிற்று.

அதனால் இப்போது விரிசலைக் கண்டதும் அடைக்கச் சொல்வதில்லை. குறுக்கே அளவுகோல் பொருத்தி ஓராண்டாவது அளக்கிறேன். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப விரிந்து சுருங்கும் விரிசல் வேறு, ஒரே போக்கில் வளரும் விரிசல் வேறு. சிமெண்டே ஆகாது என்றோ எதையும் இடிக்கக் கூடாது என்றோ நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே முட்டுக்கொடுத்து ஆட்களை வெளியேற்றுவதும் பொறியாளரின் கடமைதான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலையின் மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு என்று எங்களுக்குக் கட்டணம் பேசினால், சுவரையே மாற்றச் சொல்பவருக்கு நிறையக் கிடைக்கும், குழாயைச் சரிசெய்தால் போதும் என்பவருக்கு ஒன்றும் தேறாது. அண்மையில், விரிசல் நிலையாக இருக்கிறது, தொட வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டு, "இந்த ஒரு வரிக்கா பணம்?" என்று கேட்டார் ஓர் உரிமையாளர். அந்த வரிக்காக ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் அங்கே போய் அளவெடுத்திருந்தேன்.