கேள்வி – பதில்: அபினும் இட்டேரியும்

கேள்வி: வெள்ளைக்காரர் காலத்தில் அபின் மீதான வரியைக் குறைத்தே கடத்தலை அடக்கினார்களாமே, நிஜமா?
– ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: பாதி நிஜம்ங்க அம்மணி. எங்க அப்பாரு பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டிப்போன காலத்தில், சுங்கம் கூடுதல் என்றால் இட்டேரிக்குள் (இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் குறுகிய தடம்) புகுந்து சுற்றிப் போய்விடுவாராம். நடு இந்தியாவில் இருக்கும் மாளவத்து அபின் கதையும் அதேதான்.

வங்காளத்தில் கும்பினியே (கிழக்கிந்தியக் கம்பெனி) ஏகபோக முதலாளி. விவசாயிக்கு முன்பணம் கொடுத்து, தான் வைத்த விலைக்கு வாங்கி, கல்கத்தாவில் ஏலம் விட்டது. மாளவமோ சமஸ்தானங்களின் மண். அங்கே விளைவதைத் தடுக்க முடியவில்லை. சரி, பம்பாய்க்குப் போகும் பெட்டிக்கு வரி கட்டி அனுமதிச் சீட்டு வாங்கு என்றார்கள். 1830இல் பெட்டிக்கு (சுமார் 63 கிலோ) 175 ரூபாய். வியாபாரிகள் கணக்குப் போட்டார்கள். ஒட்டகத்தில் ஏற்றி, ராஜபுதனப் பாலைவனம் தாண்டி, சிந்து நாட்டுக் கராச்சி வழியாகப் போர்த்துகீசியரின் டாமன் துறைமுகத்துக்குக் கொண்டு போவதே லாபம்! எவ்வளவு தூரம் சுற்று பாருங்கள். 1835இல் சீட்டை 125 ஆக இறக்கினார்கள்.

அப்புறம் 1843இல் சிந்து வெள்ளைக்காரர் கைக்கு வந்தது. இட்டேரி அடைபட்டது. உடனே சீட்டு 200 ரூபாய், 1845இல் 300, 1847இல் 400. அதாவது, வரியைக் குறைத்தது சுற்றுவழி திறந்திருந்தவரைக்கும்தான். அபின் உடம்புக்குக் கேடு என்ற கவலை இந்தக் கணக்கில் எங்கேயும் கிடையாது.

வாளையார் எல்லை தாண்டிக் கேரளாவுக்குக் கடத்தப்படும் ரேஷன் அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள், விளங்கிவிடும்.