மோதிட்டுப் போன கப்பலை விசாரிக்க நமக்கு பவர் இருக்கா?

கேள்வி: எங்க அண்ணன் குளச்சல்ல இருந்து தங்குகடல் (பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்கிறது) போறவர். போன வாரம் ராத்திரி ஒரு பெரிய கப்பல் விசைப்படகை உரசிட்டு நிக்காமப் போயிடுச்சு. உயிருக்கு ஒண்ணும் ஆகல, வலை போச்சு, ஒரு பக்கப் பலகை உடைஞ்சிருச்சு. புகார் குடுக்கப் போனா 'வெளிநாட்டுக் கப்பல், நடுக்கடல், நாங்க என்ன பண்றது'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நிஜமாவே வழி இல்லையா?

பதில்: வழி இருக்கு தம்பி, திருப்பி அனுப்பினது தப்பு. இங்க கிரிமினல் கேஸ், விபத்து விசாரணை, நஷ்டஈடுன்னு மூணு விஷயத்த ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. கரையில இருந்து 12 கடல்மைலுக்கு வெளிய நடந்த மோதல்னா கப்பல் அதிகாரி மேல கிரிமினல் கேஸ் நடத்த, கப்பல் எந்த நாட்டுக் கொடியில ஓடுதோ அந்த நாட்டுக்கும் அந்த அதிகாரியோட சொந்த நாட்டுக்கும்தான் உரிமை, ஐ.நா. கடல் சட்டம் 97-வது பிரிவு சொல்றது அதுதான். ஆனா அதுக்காகக் கையக் கட்டிட்டு உக்காரணும்னு இல்ல. 2012 மார்ச்ல ஆலப்புழா பக்கம் பிரபு தயாங்கிற கப்பல் மோதி அஞ்சு மீனவங்க செத்தாங்களே, அது சிங்கப்பூர் கொடிக் கப்பல்தான், ஆனாலும் சென்னைக்குக் கொண்டுவந்து விசாரிச்சாங்க, அதிகாரிங்க இந்தியர்ங்கிறதால கைதும் பண்ணினாங்க.

விபத்து விசாரணை வேற. 1958 வணிகக் கப்பல் சட்டத்துல இதுக்குன்னே ஒரு பகுதி இருக்கு (2025-ல பார்லிமென்ட் புதுச் சட்டம் பாஸ் பண்ணிருக்கு). நம்ம கடற்கரை ஓரத்துல ஒரு கப்பல் இன்னொண்ணுக்கு சேதம் பண்ணினா அரசாங்க அதிகாரி முதல்கட்ட விசாரணை நடத்தலாம், கப்பல்ல ஏறலாம், ஆளக் கூப்பிட்டுக் கேக்கலாம், லாக் புக்க (கப்பலோட பயணக் குறிப்பேடு) வாங்கிப் பாக்கலாம், தேவைப்பட்டா மாஜிஸ்திரேட் முன்னாடி முறையான விசாரணைக்கும் போகும். இத நடத்துறது எம்.எம்.டி., அதாவது கப்பல் துறை டைரக்டர் ஜெனரலுக்குக் கீழ வர்ற ஆபீஸ், சென்னையிலயும் தூத்துக்குடியிலயும் இருக்கு. அதனால போலீஸ்ல குடுக்குற அதே மனுவ அங்கயும் குடுங்க.

ஆனா லேட் பண்ணாதீங்க, எனக்கு பயமே அதுலதான். பெரிய கப்பல்ல விமானத்துல இருக்கிற மாதிரி வி.டி.ஆர்.னு ஒரு கருப்புப் பெட்டி இருக்கும், வீல்ஹவுஸ்ல (கப்பல ஓட்டுற அறை) பேசினது, ரேடார், வேகம், திசை எல்லாம் அதுல பதியும். பழைய மாடல்ல 12 மணி நேரந்தான் நிக்கும், 2014-க்கு அப்புறம் வந்த புது மாடல்ல ஒரு பகுதி 48 மணி நேரம், இன்னொரு பகுதி 30 நாள், அதுக்கப்புறம் மேலயே பதிஞ்சு அழிஞ்சிடும். கலங்கரை விளக்கத் துறை கரையோரம் ஏ.ஐ.எஸ். ஸ்டேஷன் (கப்பலுங்க தன் பேரையும் இடத்தையும் தானா அனுப்புற ரேடியோ சிக்னல வாங்குற இடம்) வச்சிருக்காங்க, நேரமும் இடமும் சரியாச் சொன்னா அப்ப அந்த வழியாப் போன கப்பல் எதுன்னு பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம்.

நஷ்டஈடுக்கு 2017 அட்மிரால்டி சட்டம் (கப்பல் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கான சட்டம்) இருக்கு, வெளிநாட்டுக் கப்பலா இருந்தாலும் நம்ம துறைமுகத்துக்கு வந்தா ஹைகோர்ட் உத்தரவு போட்டு நிறுத்தி வைக்கலாம், ஓனர் பணம் கட்டவோ ஜாமீன் குடுக்கவோ வேண்டி வரும்.

அண்ணன்கிட்ட இப்பவே சொல்லுங்க, படகு ஜி.பி.எஸ்.ல அந்த ராத்திரி பாயிண்ட் இருக்கும், அத அழிக்க வேணாம், போட்டோ எடுத்து வைக்கட்டும். உடைஞ்ச பலகையில கப்பல் பெயிண்ட் ஒட்டியிருந்தா, எம்.எம்.டி. ஆளுங்க பாக்குறவரைக்கும் அதக் கழுவவோ மாத்தவோ வேணாம்.