மான் கடைசியாகத் தொடும் செடிகள்
தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மசினகுடியில் இருக்கிறோம். ரோஜா, செம்பருத்தி எதை நட்டாலும் புள்ளிமான் கூட்டம் மொட்டையடித்துவிடுகிறது. மான் தொடாத செடிகள் எவை?

பதில்: எந்தச் சூழ்நிலையிலும் மான் தொடாத செடி என்று ஒன்று கிடையாது. கடைசியாகத் தொடும் செடிகள் உண்டு. மழைக்காலத்தில் புல் தழைத்திருக்கும்வரை புள்ளிமான் பெரும்பாலும் புல்லைத்தான் மேயும். பிப்ரவரிக்குப் பிறகு புல் காய்ந்ததும் தழைக்குத் திரும்பும். அப்போது சுற்றுவட்டாரத்தில் பச்சையாக இருப்பது நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த தோட்டம்தான். அதில் ரோஜாவும் செம்பருத்தியும் மானுக்கு முதல் பந்தி. ரோஜாவின் முள்ளை நம்ப வேண்டாம். மான் கடிப்பது துளிரை, துளிரின் முள் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது.

கசப்பும் பாலும் உள்ளவற்றை மான் பெரும்பாலும் ஒதுக்கும். பூவுக்கு நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, அலமாண்டா. இலை அழகுக்குக் குரோட்டன்ஸ். வாசனை தூக்கலான துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல் ஆகியவற்றை முகர்ந்துவிட்டு விலகும். காகிதப்பூவில் முற்றிய கொடி முள்ளால் தப்பும், இளங்கொடி தப்பாது.

வேலி ஓரத்துக்கு எங்கள் முதல் தேர்வு ஆடாதோடையும் நொச்சியும். 'ஆடு தொடா இலை'தான் ஆடாதோடை ஆனது என்பார்கள். ஆடு ஒதுக்குவதை மானும் பெரும்பாலும் ஒதுக்கும். பென்சில் கனமுள்ள முற்றிய குச்சிகளை முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி மழை தொடங்கும்போது ஊன்றுங்கள். குச்சிக்குக் குச்சி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை இரண்டு அடி. முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக இரண்டாம் வரிசைக் குச்சி வர வேண்டும். ஆண்டுக்கு இருமுறை நாலடி உயரத்தில் கவாத்து செய்தால் அடியிலிருந்து அடர்ந்து வரும். கவாத்து செய்யாமல் விட்டால் மேலே மட்டும் தழைத்துக் கீழே சந்து விழும், மான் அதன் வழியே நுழையும். ரோஜா ஆசையை விட வேண்டியதில்லை. அதை வீட்டுச் சுவரை ஒட்டி உள்வட்டத்தில் வையுங்கள்; வெளிவட்டம் முழுக்கக் கசப்பும் வாசனையுமாக இருக்கட்டும்.

இரண்டு செடிகளைப் பற்றி எச்சரிக்கை. அரளியை மான் ஒதுக்கும்தான், ஆனால் அதன் இலை, பூ, பட்டை எல்லாமே விஷம். காய்ந்தாலும் விஷம் போகாது. குழந்தையோ மாடோ இருக்கும் வீட்டில் வேண்டாம். வெட்டிய கிளையை வெளியே வீசவும் வேண்டாம். உண்ணிச்செடியைத் தயவுசெய்து நடவே நடாதீர்கள். முதுமலைப் பக்கம் புல் முளைக்க வேண்டிய இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். மேய்ச்சல் குறைந்த மான் ஊருக்குள்தானே வரும்?

கேள்வி: மான் தொடாது என்று கேட்டு 20 நித்தியகல்யாணி வாங்கி நட்டேன். மறுநாள் காலை பாதிச் செடிகள் வேரோடு பிடுங்கிக் கிடந்தன. ஏன்?

பதில்: தின்றிருக்காது, ருசி பார்த்திருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கத்தரிப்பதுபோல் வெட்டாமல் பிடித்து இழுத்துக் கிழிக்கும். வேர் பிடிக்காத செடி அந்த இழுப்பிலேயே வந்துவிடும். அதோடு, நர்சரிச் செடி நிழலிலும் உரத்திலும் வளர்ந்து மெத்தென்று இருக்கும். வாங்கியதும் இரண்டு மூன்று வாரம் பையிலேயே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கிவிட்டு நடுங்கள். நட்டதும் கம்பிவலை வளையம் போடுங்கள்: 5 அடி நீள வலையை வளைத்துக் கட்டினால் ஏறக்குறைய ஒன்றரை அடி அகல வளையம் வரும். உயரம் 4 அடி, இரண்டு பக்கமும் குச்சி. ஆறு வாரம் கழித்து எடுக்கலாம். யூரியா வேண்டாம், அதனால் வரும் சாறு நிறைந்த துளிர் மானை அழைக்கும். தொழுவுரம் போதும்.

கேள்வி: கோத்தகிரியில் ஹைட்ராஞ்சியாவை ஏதோ கடித்துவிட்டுப் போகிறது. மான்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கடித்த நுனியைப் பாருங்கள். கிழிந்து நார் நாராக இருந்தால் மான். கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருந்தால் முயல். கிழங்கைத் தோண்டி, அடிப்பட்டையையும் கொறித்திருந்தால் முள்ளம்பன்றி. உங்கள் ஊர் இருக்கும் மலை உயரத்தில் வருவது கடமானும், கேளையாடு என்னும் குரைக்கும் சிறு மானும்தான். ஹைட்ராஞ்சியா இரண்டுக்கும் பிடிக்கும். வாசலருகே தொட்டிக்கு மாற்றுங்கள். அந்த இடத்தில் ரோஸ்மேரி, சால்வியா, ஜெரேனியம் வைக்கலாம். லாவெண்டரும் தாக்குப்பிடிக்கும், ஆனால் மலை மழையில் வேர் அழுகும். ஒரு அடி உயர்த்திய மேட்டுப்பாத்தியில், மணல் கலந்து நடுங்கள்.

கேள்வி: முட்டைக் கரைசல் உண்மையிலேயே வேலை செய்யுமா?

பதில்: செய்யும், பசி முற்றாத வரைக்கும். ஒரு பங்கு முட்டைக்கு நான்கு பங்கு தண்ணீர்: நான்கு முட்டைக்கு 800 மில்லி. நன்றாக அடித்துத் துணியில் வடிகட்டுங்கள். வெள்ளைக்கருவின் நூல் போன்ற பகுதி நின்றால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். வெயில் உள்ள நாளில், இலை ஈரமில்லாதபோது தெளியுங்கள். மாதம் ஒருமுறை, பெருமழைக்குப் பின் மறுபடியும். புதுத்துளிர் வந்தால் அதற்குத் தனியாகத் தெளிக்க வேண்டும்; பழைய தெளிப்பு அதைக் காக்காது. கீரை, துளசி போல் பறித்துச் சாப்பிடும் எதன்மேலும் வேண்டாம்.

கேள்வி: வேலி எவ்வளவு உயரம் வேண்டும்?

பதில்: புள்ளிமானுக்கும் கடமானுக்கும் 8 அடி. ஆறடி வேலியை விரட்டப்பட்ட மான் தாண்டிவிடும். கேளையாடு தாண்டாமல் அடியில் நுழையப் பார்க்கும். வலையின் அடியை மண்ணோடு சேர்த்து முளையடித்து இறுக்குங்கள். வீட்டு மின்சாரத்தை வேலியில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது மானை மட்டுமல்ல, இருட்டில் வரும் மனிதரையும் கொல்லும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.